மில்லு சுருதி

சுருதிப்பெட்டி தரலைன்னு உங்கள்ல ரெண்டு பேர் ஹெட்மிஸ்ட்ரஸ் ரூம் வாசல்ல நின்னு கண்ணைக் கசக்கினீங்கன்னு காதுல விழுந்துச்சு. யார் யாருன்னு நான் கேக்க மாட்டேன். பாட்டு டீச்சர் வேலைக்கு வந்த புதுசுல எல்லாருக்கும் அழுகை வரும். கணக்கு டீச்சர் கிட்ட போய் போர்டு கிடையாது, வாயாலயே கணக்கு போடுன்னு எவளும் சொல்ல மாட்டா. நமக்குன்னா பெட்டி கிடையாது, ரூம் கிடையாது, போன வாரம் வரைக்கும் இருந்த பீரியடும் கிடையாதுன்னு கூசாம சொல்லுவாங்க. அழுங்க, வேணாங்கலை. வீட்டுக்குப் போய் அழுங்க. அவங்க முன்னாடி மட்டும் வேணாம்.

சுவரம் எப்பிடிப் பழக்கணும், தாளம் எப்பிடிப் போடணும்னெல்லாம் டிரெய்னிங்ல உங்களுக்கு நிறைய சொல்லியிருப்பாங்க. அந்தப் பக்கமே நான் போகலை. பெட்டி இல்லாம ஒரு வருஷம் நான் வகுப்பு நடத்தின கதையைச் சொல்றேன். கேட்டுட்டு அப்புறம் அழறதா வேணாமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க.

ஆந்திரா தனி ஸ்டேட் ஆன புதுசு அது. சித்தூர் ஜில்லாவுல எந்த ஊரு இங்க நிக்கும், எந்த ஊரு மெட்ராஸ் பக்கம் போவும்னு டீக்கடைக்கு டீக்கடை சண்டை ஓடிக்கினு இருந்துச்சு. சித்தூர் டவுன்ல எங்க பொம்பளப் பிள்ளைங்க ஸ்கூல்ல தெலுங்கு செக்‌ஷன் ஒண்ணு, தமிழ் செக்‌ஷன் ஒண்ணு. தமிழ் செக்‌ஷனுக்கு பாட்டு டீச்சர் நான். தெலுங்கு செக்‌ஷனுக்கு சாரதா. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே சுருதிப்பெட்டி. காலைல அவ, மத்தியானம் நான்.

சாரதா திருப்பதிக்காரி. வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி பாட்டு பரீட்சைக்குப் படிக்கும்போது திருச்சானூர்ல ஒரே ரூம்ல இருந்தவங்க நாங்க. வாடகை பாதிப்பாதி, ஊறுகாய் மட்டும் அவளது. அவ எங்கிட்ட தமிழ்ல பேசுவா, நான் அவகிட்ட தெலுங்குல பேசுவேன். கோவம் வந்தா மட்டும் அவங்கவங்க பாஷைக்குப் போயிடுவோம். அதனால எங்க சண்டை வெளியாளுங்களுக்கும் சுலபமா தெரிஞ்சிடும்.

அந்த வருஷம் புது ஹெட்மிஸ்ட்ரஸ் வந்தாங்க. கெட்டவங்கன்னு சொல்ல மாட்டேன், பயந்தவங்க. மேல இருந்து யாராவது ஏதாவது கேட்டுடுவாங்களோன்னு கேக்கறதுக்கு முன்னாடியே பதில் தயார் பண்ணி வெச்சுக்கற ஜாதி. வந்த மாசமே என்னைக் கூப்பிட்டு, பெட்டி இனிமே தெலுங்கு செக்‌ஷன் பீரோவுல பூட்டி இருக்கும்னாங்க. என் வகுப்பை பின்பக்க ஷெட்டுக்கு மாத்தியாச்சுன்னாங்க. அதோட விட்டாங்களா? வருஷக் கடைசியில இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வருவாங்க, பாட்டைக் கேட்டுட்டு தமிழ் செக்‌ஷனுக்குத் தனியா பாட்டு வகுப்பு வேணுமா வேணாமான்னு முடிவு பண்ணுவாங்க, சரியில்லைன்னா அந்த பீரியட்ல பிள்ளைங்களுக்குத் தையல், உங்களுக்கு வேற ஊருன்னு சொன்னாங்க. தையல் நல்ல வேலைதான். அது தெரியாமத்தான் என் பையனுக்கு பட்டன் பிஞ்ச சட்டையைப் போட்டு அனுப்பிக்கினு இருந்தேன். ஆனா பாட்டைப் புடுங்கிட்டு ஊசியைக் குடுக்கறதுன்னா எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது.

பின்பக்க ஷெட்டுக்கு ஒரு விசேஷம் உண்டு. அந்தச் சுவத்துக்கு அந்தாண்ட கடலை எண்ணெய் மில்லு. காலைல மோட்டார் போட்டா சாயங்காலம்தான் நிறுத்துவாங்க. முதல் நாள் நான் கத்தறேன், பிள்ளைங்க கத்தறாங்க, மில்லு எங்க எல்லாரையும் விட பெருசா கத்துது. தொண்டை கட்டிப்போச்சு. ராத்திரி சாப்பாட்டுல எங்க வீட்டுக்காரர் என்னைப் பாத்து, “இன்னா, இன்னிக்கி வீடு இவ்ளோ அமைதியா கீது”ன்னார். வெல்ல மண்டியில கணக்கு எழுதற மனுசன், அவருக்கு எப்பவும் ஒரு நக்கல்.

நாலஞ்சு நாள் மில்லோட மல்லுக்கட்டினேன். அப்புறம் ஒரு நாள் பிள்ளைங்க வர்றதுக்கு முன்னாடி தனியா அந்தச் சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தேன். வாயை மூடிக்கினு சும்மா ஒரு ‘ஸ’ பிடிச்சேன். அது மில்லோட போய் ஒட்டிக்கிச்சு. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அந்த மோட்டார் காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே சத்தம், ஏறாது எறங்காது, பெட்டியை அமுக்கற மாதிரி கையும் வலிக்காது. ஸ்கூல் எங்கிட்ட இருந்து ஒரு பெட்டியைப் புடுங்கிட்டு அதை விட பெரிய பெட்டியைச் சுவத்துக்கு அந்தப் பக்கம் வெச்சிருக்குது, அது அவங்களுக்கே தெரியலை.

அன்னிலேர்ந்து என் வகுப்பு மில்லு சுருதியிலதான் பாடிச்சு. பிள்ளைங்களுக்கும் அது விளையாட்டாப் போச்சு. உள்ள வந்ததும் வாயை மூடி ‘ம்ம்ம்’னு முதல்ல மில்லைப் பிடிப்பாங்க. பிடிச்சவங்க கையைத் தூக்குவாங்க. எல்லாக் கையும் மேல போனதும் நான் பாட்டை எடுப்பேன். மத்தியானம் சோறு துன்னும்போது கூட ஒருத்தி மோட்டார் போடறதும் இன்னொருத்தி நிறுத்தறதுமா கிண்டல் பண்ணிக்கினு இருப்பாங்க. நகரியிலேர்ந்து வந்து மாமா வீட்ல தங்கிப் படிச்ச நெசவுக்காரங்க பொண்ணுங்களுக்கு அது சீக்கிரமா வந்துச்சு. தறிச் சத்தத்துக்குள்ள பாடிப் பழகினவங்க அவங்க.

இன்ஸ்பெக்‌ஷனுக்குன்னு ஒரு பாட்டு பழக்கினேன். எங்க தமிழ் டீச்சர் எழுதினது, ராகம் நான் போட்டது. நீவா ஆத்துல தண்ணி வரணும்னு கேக்கற பாட்டு. சித்தூர்ல இருக்கிற உங்களுக்கு அந்த ஆத்தைப் பத்தி நான் சொல்லணுமா? வருஷத்துல பாதி நாள் மணல்தான். அந்தப் பாட்டுல ‘எங்க ஆறு, எங்க நீவா’ன்னு ஒரு வரி திரும்பத் திரும்ப வரும்.

அந்த வரியை ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு நாள் வாசல்ல நின்னு கேட்டாங்க. முகம் வெளுத்துப் போச்சு. என்னை ரூமுக்குக் கூப்பிட்டு, “இந்த டைம்ல தமிழ்ல ‘எங்க ஆறு’ன்னு பாடினா என்ன அர்த்தம் எடுத்துக்குவாங்க? அம்மா, ஒண்ணு செய்ங்க. வார்த்தையே வேணாம். வெறும் சுவரம் பாட வைங்க. ஸரிகமவுக்குத் தமிழும் கிடையாது தெலுங்கும் கிடையாது. உங்க வேலையும் தப்பிக்கும்”னாங்க.

“பிள்ளைங்க குடிக்கிற தண்ணி அது. அதை அவங்க பாஷைல கேக்கக்கூடாதா”ன்னேன்.

“நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன்.”

“என் நல்லதை நான் பாத்துக்கறேன் மேடம்”னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன்.

வெளிய வந்து சாரதா கிட்ட கொட்டினேன். அவ எனக்காக ரெண்டு திட்டு திட்டுவாளுன்னு பாத்தா, டிபன் டப்பாவை மூடிக்கினே, “அக்கா, அந்தம்மா சொல்றதும் சரிதானே. ஒரு நாள் கூத்து. சுவரம் பாடிட்டு போயிடு. உன் போஸ்ட் முக்கியமா, அந்த வரி முக்கியமா”ன்னா.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை. “உன் பிள்ளைங்க கிட்ட இருந்து வார்த்தையை எடுத்துட்டுப் பாடுன்னா பாடுவியா? பெட்டியையும் நீ வெச்சுக்கோ, வார்த்தையையும் நீயே வெச்சுக்கோ”ன்னு தமிழ்ல கத்தினேன். அவ தெலுங்குல கத்தினா. பெட்டியைப் பூட்டினது அவ இல்லைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொன்னேன், ஏன்னா அவ அந்தப் பக்கம் சாஞ்சது எனக்கு அவ்ளோ வலிச்சுது. அன்னிலேர்ந்து அவ சோறு ஒரு மூலை, என் சோறு ஒரு மூலை.

இந்தப் பக்கம் இப்பிடின்னா, வீட்ல வேற கூத்து. எங்க வீட்டுக்காரரோட தம்பி நகரியில இருந்தார். எல்லைப் போராட்டத்துல ஓடியாடற ஆளு. இன்ஸ்பெக்‌ஷனுக்கு முதல் நாள் சாயங்காலம் சைக்கிளை வாசல்ல சாத்திட்டு உள்ள வந்தார். “அண்ணி, நாளைக்கி சித்தூர்ல கடையடைப்பு. ஒரு கடை தொறக்காது. தமிழ்ப் பிள்ளைங்க யாரும் ஸ்கூலுக்குப் போவக்கூடாது. நீயும் போவாத”ன்னார்.

“நாளைக்கி இன்ஸ்பெக்‌ஷன்”னேன்.

“அதான் வேணும். தமிழ்ப் பிள்ளைங்க ஒருத்தரும் இல்லைன்னு அந்தம்மா பாக்கட்டும்.”

“பாத்துட்டு என்னா பண்ணுவாங்க? தமிழ்ப் பிள்ளைங்களே இல்லை, வகுப்பு எதுக்குன்னு இழுத்து மூடிட்டுப் போவாங்க. உங்க போராட்டத்துக்கு அது ரொம்ப ஒத்தாசையா இருக்கும்.”

“அண்ணி, இது ஊரு விவகாரம். பாட்டு வகுப்புக்காக நிறுத்த முடியுமா?”

“நான் உங்க கடையைத் தொறக்கச் சொல்லலை. என் வகுப்பை மூடாதீங்க. அதுவும் தமிழ்தான்.”

அவர் அண்ணனைப் பாத்தார். அண்ணன் சுவத்தைப் பாத்தார். கடைசியில கொழுந்தனார், “சரி, பிள்ளைங்களை வழியில யாரும் தடுக்க மாட்டாங்க, அதை நான் பாத்துக்கறேன். ஆனா கடையடைப்பு கடையடைப்புதான்”னு சொல்லிட்டு ரெண்டு தோசை துன்னுட்டுப் போனார். நான் ஜெயிச்சுட்டேன்னு நெனச்சுக்கினு படுத்தேன்.

காலைல ஷெட்டுக்குள்ள நுழைஞ்சேன். பிள்ளைங்க ஒருத்தி விடாம வந்திருக்காங்க, எண்ணெய் வெச்சு வாரி, ரிப்பன் கட்டி. ஆனா ஷெட்டு என்னமோ மாதிரி இருந்துச்சு. என்னடா இதுன்னு ரெண்டு நிமிஷம் புரியலை. முன் வரிசையில இருந்த ஒருத்திதான், “டீச்சர், மில்லு ஓடலை”ன்னா.

கடையடைப்புன்னா மில்லும் அடைப்புதானே. இது எனக்குத் தோணவே இல்லை பாருங்க. தெலுங்கு பேசறவங்க பெட்டியைப் பூட்டினாங்க, தமிழ் பேசறவங்க மில்லைப் பூட்டினாங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல என் பிள்ளைங்க ரிப்பன் கட்டிக்கினு உக்காந்திருந்தாங்க.

‘ஸ’ பிடிங்கன்னேன். ஆளுக்கு ஒரு ‘ஸ’. நான் எடுத்துக் குடுத்துப் பாத்தேன். எனக்கே கோவத்துல தொண்டை நடுங்குது, ஒரு தடவை எடுத்த எடம் மறு தடவை வரலை. பிள்ளைங்க முகத்துல பயம் வந்துடுச்சு. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா தெலுங்கு செக்‌ஷனை முடிச்சுட்டு அடுத்து இங்கதான் வருவாங்க.

அந்த நேரத்துல சாரதா உள்ள வந்தா. முந்தானைக்குள்ள எதையோ மறைச்சுக்கினு. எடுத்து என் முன்னாடி வெச்சா. சுருதிப்பெட்டி. “என் பிள்ளைங்க பாடி முடிச்சிட்டாங்க. கேக்காம எடுத்துக்கினு வந்துட்டேன். சீக்கிரம் புடி”ன்னா. இத்தனை நாளா பேசாதவ, தமிழ்லதான் பேசினா. கோவம் போயிடுச்சுன்னு எனக்கு அதுல தெரிஞ்சுது.

பெட்டியை அமுக்கினேன். பிள்ளைங்க பாடினாங்க. பாதி வரியில பெட்டி ஒரு பக்கம், பிள்ளைங்க ஒரு பக்கம். உங்களுக்கே இப்ப புரிஞ்சிருக்கும். பெட்டியில சுருதி வெக்க அஞ்சு கட்டை உண்டு, அஞ்சரைக் கட்டை உண்டு, நடுவுல எதுவும் கிடையாது. மில்லு மோட்டார் நம்ம பெட்டியைக் கேட்டுக்கினா ஓடுது? அது ரெண்டுக்கும் நடுவுல எங்கியோ ஓடிக்கினு இருந்துச்சு. ஒரு வருஷமா அந்த எடத்துலயே பழகின தொண்டைங்க. அஞ்சுல வெச்சா மேல இழுக்கறாங்க, அஞ்சரையில வெச்சா கீழ எறங்கறாங்க. கேக்கவே கூசுது.

“பெட்டியோட ஒத்துப் போகச் சொல்லு”ன்னா சாரதா.

“ஒரு வருஷப் பழக்கத்தை ஒரு நிமிஷத்துல எப்பிடி மாத்தறது?”

“அப்ப சுவரம் மட்டும்...”ன்னு ஆரம்பிச்சவ என் மூஞ்சியைப் பாத்து நிறுத்திக்கினா.

வராந்தாவுல செருப்பு சத்தம் கேக்க ஆரம்பிச்சுது. என் கையில பெட்டி இருக்குது. அதை வெச்சுக்கினு இருந்தா பாக்கறவங்களுக்கு நல்லா இருக்கும், பாட்டு நாறிப் போவும். நான் பெட்டியை மூடி சுவத்தோரம் தள்ளி வெச்சேன். இதை மட்டும் நீங்க கவனமா கேட்டுக்கங்க. எத்தனை ஆசைப்பட்ட சாமானா இருந்தாலும், பாட்டுக்கு ஒத்தாசை பண்ணலைன்னா தள்ளி வெச்சுடணும். அதைத் தள்ளி வெச்சப்புறம்தான் எனக்குத் தலை வேலை செஞ்சுது.

“கடைசி வரிசை, வாயை மூடுங்க. நீங்கதான் இன்னிக்கி மில்லு. மோட்டாரைப் போடுங்க”ன்னேன்.

ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பாத்தாங்க. அப்புறம் ஒருத்தி கிளுக்குனு சிரிச்சா, பக்கத்துல இருந்தவ ‘ம்ம்ம்’னு ஆரம்பிச்சா. மத்தியானம் சோத்துக்கு நடுவுல விளையாடின அதே சத்தம். விளையாட்டுல பிடிச்ச எடம் பயத்துல பிடிபடலை, திரும்ப விளையாட்டுன்னதும் தானா வந்து உக்காந்துக்கிச்சு. ஒருத்தி மூச்சு விட்டா இன்னொருத்தி தொடரணும், மோட்டார் நிக்கக்கூடாதுன்னு சொன்னேன். முன் வரிசைங்க அதுமேல ஏறி ‘ஸ’ பிடிச்சாங்க. மயிரிழை விலகலை.

ஆனா கடைசி வரிசை சின்னது. மூச்சு பத்தலை, நடுநடுவுல சத்தம் தொய்யுது. அதுக்குள்ள இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வந்து நாற்காலியில உக்காந்துட்டாங்க, பக்கத்துல ஹெட்மிஸ்ட்ரஸ். நான் பாட்டை எடுத்துட்டேன். ‘எங்க ஆறு, எங்க நீவா.’ ஹெட்மிஸ்ட்ரஸ் கர்ச்சீப்பால கழுத்தைத் துடைச்சுக்கினாங்க.

திடீர்னு பின்னால மில்லு பலமாச்சு. தொய்வே இல்லாம, அடியில ஒரு பெரிய குரல். திரும்பிப் பாத்தேன். சாரதா தரையில சம்மணம் போட்டு கடைசி வரிசை பிள்ளைங்களோட உக்காந்துகினு, கண்ணை மூடி, வாயை மூடி ‘ம்ம்ம்’னு மில்லு ஓட்டிக்கினு இருந்தா. வாசல் பக்கமா நைசா போயிருந்தா யாரும் அவளைப் பாத்திருக்க மாட்டாங்க. போகலை. அவ மேல நான் கத்தினதெல்லாம் அந்த நிமிஷம் ஞாபகத்துக்கு வந்துச்சு. அழுதா பாட்டு போயிடும்னு தாளத்தை ஓங்கித் தட்டினேன்.

பாட்டு முடிஞ்சுது. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா தெலுங்குல, “பின்னால அது என்ன சத்தம்”னாங்க.

“மில்லு மேடம்”னேன். “எங்களுக்குப் பெட்டி கிடையாது. சுவத்துக்கு அந்தாண்ட இருக்கிற மில்லு சுருதியிலதான் வருஷம் பூரா பாடறோம். இன்னிக்கி மில்லு லீவு. அதனால பிள்ளைங்களே ஓட்டறாங்க.”

அந்தம்மா சுவத்தோரம் இருந்த பெட்டியைப் பாத்தாங்க. ஹெட்மிஸ்ட்ரஸைப் பாத்தாங்க. ஹெட்மிஸ்ட்ரஸ் சாரதாவைப் பாத்து, “நீங்க தெலுங்கு செக்‌ஷன் ஆச்சே. இங்க என்ன பண்றீங்க”ன்னாங்க.

சாரதா எழுந்து பொடவையில இருந்த மண்ணைத் தட்டினா. “மில்லுலோ பனி சேஸ்துன்னானண்டி”ன்னா. மில்லுல வேலை பாக்கறேங்கன்னு அவ்ளோ மரியாதையா, சிரிக்காம சொன்னா. பிள்ளைங்க சிரிச்ச சிரிப்புல ஷெட்டு அதிர்ந்துச்சு. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா மட்டும் சிரிக்கலை. இன்னொரு தடவை பாடச் சொன்னாங்க. வார்த்தையோட.

தமிழ் செக்‌ஷன் பாட்டு வகுப்பு தப்பிச்சுது. பெட்டி பழையபடி ரெண்டு பேருக்கும் பொதுவுக்கு வந்துச்சு. கதை இதோட முடிஞ்சிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். ஆனா பெட்டியைக் கேக்காம தூக்கிக்கினு வந்ததுக்கு யாராவது பதில் சொல்லணுமே. எனக்குன்னு சொல்லி வெச்சிருந்த மாத்தல் சாரதாவுக்குப் போச்சு. மதனப்பள்ளி பக்கம் ஒரு ஊரு. பஸ் ஏத்தி விடப் போனேன். “பைத்தியக்காரி, எதுக்குடி உக்காந்த”ன்னேன். “சுருதி தொய்ஞ்சுது அக்கா, கேட்டுக்கினு சும்மா இருக்க முடியலை”ன்னா. ஊறுகாய் ஜாடியை என் கையில குடுத்துட்டு ஏறிட்டா.

அப்புறம் எல்லை ஒருவழியா முடிவாச்சு. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போச்சு. நாங்க இந்தப் பக்கமே நின்னோம். கொழுந்தனாரோட நகரியும் இங்கியே நின்னுச்சு, மனுசன் ஒரு வாரம் சைக்கிளையே தொடலை. அப்புறம் ஒரு நாள் வந்து, “அண்ணி, அந்தப் பக்கம் வேலை கிடைக்கும்ங்கறாங்க. அங்க போனா உன் பாட்டை யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. போயிடலாமே”ன்னார். அவர் நல்ல மனசோடதான் சொன்னார். எங்க வீட்டுக்காரரும் முதல் தடவையா சுவத்தைப் பாக்காம என்னைப் பாத்தார்.

“நான் எங்கியும் வரலை. இந்த வகுப்புக்காக ஒருத்தி மதனப்பள்ளி பக்கம் சோறு துன்னுகினு இருக்கா. நானே இதை மூடிட்டுப் போனா அவ எதுக்குப் போனா? எங்க ஆறுன்னு பாடிட்டு, ஆத்தை விட்டுட்டு ஓடறதா? யாருக்குக் கேள்வி கேக்கணுமோ வந்து கேக்கட்டும், நான் இங்கதான் இருப்பேன்”னேன்.

இருந்தேன். ரிட்டயர் ஆகற வரைக்கும் அதே ஸ்கூல். பெட்டி இருந்தாலும் ஒவ்வொரு வகுப்புலயும் முதல்ல ஒரு வரிசை மில்லு ஓட்டும், அப்புறம்தான் பெட்டியைத் தொறப்பேன். ஹெட்மிஸ்ட்ரஸுங்க மாறிக்கினே இருந்தாங்க. வர்றவங்க எல்லாரும் அது என்ன சத்தம்னு ஒரு தடவையாவது கேட்டாங்க. மில்லுன்னு சொன்னேன். எண்ணெய் மில்லை இடிச்சு கல்யாண மண்டபம் கட்டினப்புறமும் மில்லுன்னுதான் சொன்னேன்.

இப்ப உங்களுக்கு கரெண்ட்ல ஓடற பெட்டியெல்லாம் வந்துடுச்சு. அதையும் பூட்டி வெப்பாங்க, இல்லைன்னா கரெண்ட் போவும். நாளைக்கி பெட்டி கேட்டு யார் வாசல்லயும் போய் நிக்காதீங்க. பிள்ளைங்களை உக்கார வெச்சு, கடைசி வரிசையை வாயை மூடச் சொல்லி மோட்டாரைப் போடுங்க. வரிசை சின்னதா இருந்தா, மூச்சு பத்தலைன்னா, எனக்குச் சொல்லி அனுப்புங்க. முட்டி வலி இருக்குது, ஆனா சம்மணம் போட இன்னும் முடியும். உங்க ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து ரிட்டயர் ஆன கிழவி இங்க என்ன பண்றான்னு கேட்டா, நான் மில்லுல வேலை பாக்கறேன்னு நானே சொல்லிக்கறேன்.